இரண்டு நூல்

கெமியார்வியில் பிப்ரவரி.
வெளியே உறைநிலைக்கு இருபத்தாறு பாகை கீழே.
கராஜுக்குள் ஹீட்டர் முனகுகிறது.
மேசைமேல், உடைத்துப்போட்ட பால் லாரி ஒன்றின்
வில்பட்டை.
அதிலிருந்து ஓர் உளி வேண்டும் ராய்லிக்கு,
உறைந்த ஏரியில் குழி தோண்ட.
கடையில் கிடைக்கும்தான். நாற்பது யூரோ.
"கடை உளிக்குப் பிடி சரியில்லை" என்பாள்.
யாரும் நம்பியதில்லை.

ஓய்வா வந்தான்
கேஸ் கட்டரும் கறுப்புக் கண்ணாடியுமாக.
நாலே நிமிடம்.
வெள்ளைக் கோடொன்று இரும்பைக் கடந்து போயிற்று,
பொறிகள் தரையில் உருண்டு கறுத்தன,
பட்டை இரண்டாயிற்று.
"முடிஞ்சுது. காபி இருக்கா?"
இருந்தது. குடித்தார்கள்.
மகனின் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசினான்,
தேவைக்கு மேலேயே.

அவன் போன பிறகு
விளிம்பை ஒட்டித் துளை போடப் போனாள்.
டிரில் பிட் கிறீச்சிட்டது,
நுனி மழுங்கி அதே இடத்தில் சுற்றியது.
இரண்டாவது பிட். அதுவும்.
மூன்றாவது ஒடிந்து
பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் எங்கோ விழுந்தது.
அரத்தை எடுத்து இழுத்துப் பார்த்தாள்:
கண்ணாடிமேல் போல வழுக்கிற்று.
நடுப்பகுதியில் இழுத்தாள்:
கடித்தது, வேண்டா வெறுப்பாக.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இரும்புக்கு அந்தக் கணக்கு செல்லாது.
விளிம்பில் ஒரு பதம்,
இரண்டு நூல் உள்ளே வேறு பதம்,
அதற்கப்பால்
லாரி ஓடிய நாளின் பழைய பதம்.
தீ போன தடம் பழுத்துச் சிவந்தது;
தீ நகர்ந்த கணத்தில்
பக்கத்தில் குளிர்ந்து கிடந்த உடம்பு முழுதும்
அந்தச் சூட்டை ஒரே மடக்கில் குடித்தது.
எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை,
தனக்குத் தானே
தோய்ச்சல் போட்டுக்கொண்டது பட்டை.

ராய்லிக்கு எரிச்சல்.
போன வருஷம் நேர்மாறாக அல்லவா நடந்தது!
பழைய அரம் ஒன்றைக் கிரைண்டரில் அறுத்து
மீன் கத்தி செய்தாள்.
வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, பிறகு நீலம்;
கூர் ஓரத்தில் நிறங்கள் ஓடியதை
அழகு என்று நின்று பார்த்தாள்.
மூன்றாவது மீனில் கூர் மடங்கியது.
அங்கே சூடு சிவப்புவரை ஏறவில்லை,
இருந்த விறைப்பை இளக்கியதோடு நின்றுவிட்டது.
ஒரே சூடு அல்ல இரண்டும்.
அவள் கோபம் மட்டும் ஒரே கோபம்.

கடைசியில் ஹாக்ஸா.
விளிம்பிலிருந்து இரண்டு நூல் தள்ளிக் கோடு கிழித்து,
எண்ணெய் விட்டு, இழுத்தாள்.
வானொலியில் செய்தி வந்து போயிற்று,
வானிலை வந்து போயிற்று,
மூன்று பிளேடு வீணாயிற்று.
அவ்வப்போது தொட்டுப் பார்த்தாள்:
உள்ளங்கைக்கு மேல் சூடில்லை.
இரும்புக்குத் தெரியாமலே
இரும்பை அறுத்துவிடலாம் போலிருந்தது.

விழுந்த துண்டை வைஸில் கடித்துச் சுத்தியால் தட்டினாள்.
பிஸ்கெட்டாக உடைந்தது.
இரண்டு துண்டையும் உறையில் போட்டு
ஓய்வாவின் தபால்பெட்டியில் சேர்த்தாள்,
ஒரு வரியும் எழுதாமல்.
மறுநாள் குறுஞ்செய்தி:
"காபி நல்லா இருந்தது."

மிச்சமிருந்த ஒரே கோபால்ட் பிட்டில் துளை,
அவசரமில்லாமல்.
தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துக் கூர்.
ஞாயிறு காலை ஏரி.
முழங்கைவரை பனிக்கட்டி.
உளி இறங்கிய விதத்தை யாராவது
பார்த்திருக்க வேண்டும்.
கடைசிக் குத்தில் அடி உடைந்து
கருந்தண்ணீர் பொங்கியது.
உறையணிந்த கைக்குள்ளிருந்து
பிடி நழுவி
உளி அதன் வழியே போய்விட்டது.

குழியருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
நல்ல குழி.
தூண்டிலைப் போட்டாள்.

வீட்டில் பட்டையின் மற்றப் பாதி இருக்கிறது.
அதன் விளிம்பிலும்
அந்த நாலு நிமிடம் இருக்கிறது.
பிளேடு வாங்க வேண்டும்.
கயிறும்.